செத்தவீட்டில் ஓர் எடுகோள்

நுண்ணறிவுத் தாளில் மற்றக் கேள்விகளோடு நான் ஒருமாதிரிச் சமாளித்துக்கொண்டு போய்விடுவேன். எண்தொடர் வந்தால் கூட்டிக் கழித்துப் பார்ப்பேன். படத்தைத் திருப்பினால் எப்படி இருக்கும் என்று கேட்டால், மேற்பார்வையாளர் முறைத்தாலும் பரவாயில்லை என்று தாளையே திருப்பிப் பிடித்துப் பார்ப்பேன். இந்த 'மறைந்திருக்கும் எடுகோள்' என்று ஒன்று வருமே, அதைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு வரி தருவார்கள். முதல் வரியில் ஒரு செய்தி இருக்கும். இரண்டாவது வரி 'ஆகவே' என்று தொடங்கி ஒரு முடிவைச் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் எழுதியவர் சொல்லாமலே எதை நம்பிக்கொண்டிருக்கிறார் என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டுமாம். நம்புகிறதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே ஐயா! ஆரோ ஒருவரின்ரை மனதுக்குள் இருக்கிறதைத் தோண்டி எடுக்கிறதா என்ரை வேலை என்று தாளோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

சண்டை பிடித்ததில் இரண்டு முறை தோற்றும் இருக்கிறேன். பட்டம் முடித்த காலத்திலிருந்து நான் தொண்டர் ஆசிரியை. பக்கத்துப் பாடசாலையில் கற்பிப்பேன், ஆனால் வரவுப் பதிவில் என் பெயருக்கு ஒரு நிரந்தரமான இடம் கிடையாது. நிரந்தர நியமனம் வேண்டுமென்றால் போட்டிப் பரீட்சையில் தேற வேண்டும். போன இரண்டு முறையும் இந்த எடுகோள்தான் என் காலை வாரிவிட்டது. மூன்றாம் முறை விண்ணப்பித்தபோது வயதெல்லை என் கழுத்தில் வந்து நின்றது. இதையும் விட்டால் அடுத்ததற்கு விண்ணப்பிக்கவே முடியாது, சோக்கைக் கீழே வைத்துவிட்டு வெங்காயத் தோட்டத்தில் இறங்க வேண்டியதுதான். தோட்டத்தை நான் குறைவாகச் சொல்லவில்லை. நான் வாழ்க்கைப்பட்ட சண்டிலிப்பாய் வீடு அதில்தான் சாப்பிடுகிறது. ஆனால் எனக்கு வகுப்பறை வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் சனிக்கிழமைகளில் உடுவிலுக்கு வகுப்புக்குப் போனேன். ஒரு வீட்டின் பின்பக்கக் கொட்டிலில் வாங்குகளைப் போட்டு ஒரு கணித ஆசிரியர் நடத்தினார். எனக்குப் பக்கத்தில் வடகரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒருத்தி இருப்பாள். அவளுடைய தகப்பன் மீன் வியாபாரி. என் வயதுதான். அவளுக்கும் இதுதான் கடைசி முறை என்பதால் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டோம்.

ஒருநாள் ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார்: 'நாளை கோயிலில் கொடியேறுகிறது. ஆகவே நாளை முதல் ஊர்ச் சந்தையில் மீன் விற்பனை குறையும்.' எடுகோள் எது என்று கேட்டு நான்கு விடைகள் தந்தார். திருவிழாக் காலத்தில் ஊரவர்கள் மீன் வாங்கமாட்டார்கள் என்பது அதில் ஒன்று. நான் அதை எடுத்த எடுப்பிலேயே வெட்டிவிட்டேன். கொடியேறினால் எங்கள் வீடுகளில் மச்சச் சட்டியைக் கழுவிப் பரணில் போட்டுவிடுவோம். தீர்த்தம் முடியும்வரை மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. சூரியன் கிழக்கில் உதிக்கும் என்பதை யாராவது எடுகோள் என்பார்களா? சனம் முழுக்கக் கோயிலில் நிற்பதால் சந்தைக்கு வர நேரமிருக்காது என்ற விடையைத் தெரிவுசெய்தேன். கொட்டிலில் முக்கால்வாசிப் பேர் என்னோடுதான் இருந்தார்கள்.

வடகரைக்காரி மட்டும் சரியான விடையைப் போட்டிருந்தாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டதற்குச் சிரித்தாள். அவர்கள் வீட்டில் ஆவணி வந்தால் தகப்பன் எந்தெந்த ஊரில் கொடியேறுகிறது என்று விசாரித்துத்தான் மீன் பெட்டியைக் கட்டுவாராம். கொடியேறின ஊருக்குக் கொண்டுபோனால் பெட்டி அப்படியே திரும்பி வருமாம். எங்களுக்குக் காற்றுப்போல் இருந்தது அவர்களுக்கு விசாரித்து அறிய வேண்டிய விஷயம்.

ஆசிரியருக்கு எங்கள் சத்தத்தைக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. "உண்மையோ பொய்யோ எண்டு ஆர் கேட்டது? தாளிலை எழுதியிருக்கோ? இல்லை. எழுதாததை உங்கடை மனம் எழுதிப்போட்டுது. அதுதான் எடுகோள்," என்றார். பிறகு ஒரு வழி சொல்லித் தந்தார். சந்தேகமான விடையை எதிர்மாறாக்கிப் பார்க்க வேண்டும். ஊரவர்கள் மீன் வாங்குவார்கள் என்று வைத்துப் பார். 'ஆகவே' விழுந்துவிடுகிறதா? விழுந்தால் அதுதான் விடை.

எனக்கு ஆறவில்லை. வீட்டுக்கு வந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்த மாமிக்கு அந்தக் கேள்வியை வாசித்துக் காட்டினேன். மாமி என்றால் என் கணவருடைய தாய். அதிகம் கதைக்காத மனுஷி. நான் சனிக்கிழமைகளில் வகுப்புக்குப் போய்வருகிறேன் என்று சொன்னால் 'ம்' என்பார், வந்துவிட்டேன் என்றால் அதற்கும் ஒரு 'ம்'. அந்த 'ம்' எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு மட்டும் திருவலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"கொடியேறினா ஆர் பிள்ளை மச்சம் தின்னுறது? உதுவும் ஒரு கேள்வியே?"

அப்பாடா என்றிருந்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து மாமியும் நானும் முழுமனதாக ஒத்துப்போனது அந்தப் பிழையான விடையில்தான்.

மாமா வேறு மாதிரி. அவருக்கு என் சோதினையில் என்னைவிட அக்கறை. அனுமதி அட்டை வந்த அன்றே முன்னறைக் கலண்டரில் சோதினை நடக்கும் ஞாயிற்றுக்கிழமையைப் பேனையால் வட்டம் போட்டு வைத்தார். ஆனால் அந்த மனிதருக்கு அவசரம், அந்தரம் என்றால் என்னவென்றே தெரியாது. கைகாட்டிய பஸ் நிற்காமல் போனாலும் அடுத்தது வரும்தானே என்று மதகில் குந்திவிடுவார். எங்கள் கலியாணத்துக்கே மாப்பிள்ளையின் தகப்பன் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தார். வாய் திறக்காத மாமி வாய் திறந்தால் பெரும்பாலும் இதற்காக அவரை ஏசத்தான் இருக்கும். அவரும் தலையாட்டிக் கேட்டுவிட்டு ஆறுதலாகத் தேத்தண்ணி குடிப்பார்.

சோதினைக்கு இரண்டு நாள் இருக்க, வெள்ளிக்கிழமை விடிய, மாமா போய்விட்டார். முதல்நாள் நெஞ்சுநோ என்று ஆஸ்பத்திரியில் விட்டிருந்தது. திரும்பி வருவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பெட்டியில்தான் வந்தார். முன்னறையில், அந்தக் கலண்டருக்குக் கீழேயே பெட்டியை வைத்தார்கள். மாமி தலைமாட்டில் இருந்தார். அவர் கண்ணுக்கு நேரே மாமா போட்ட வட்டம் தெரிந்துகொண்டிருந்தது.

பந்தலுக்குக் கீழே ஆண்கள் கூடிக் கதைத்து, ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கிரியை என்று முடிவு செய்தார்கள். என் சோதினையும் ஞாயிறு காலை ஒன்பதுக்குத்தான். நான் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. செத்தவீட்டில் மருமகள் எழும்பி எனக்குச் சோதினை இருக்கிறது என்றால் சனம் காறித் துப்பும். உள்ளே போய் அனுமதி அட்டையைச் சேலைகளுக்கு அடியில் தள்ளிவிட்டு, வந்து பெண்களோடு இருந்து அழுதேன். மாமாவுக்காக அழுதேன், பொய்யில்லை. சோதினைக்காகவும் அழுதேன். எந்தக் கண்ணீர் எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. வருகிறவர்கள், நல்ல மருமகள், தகப்பனைப்போல் பார்த்தவர் என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். வெட்கமாக இருந்தது.

என் கணவருக்கு ஒரு தமையன் இருக்கிறார், கனடாவில். தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். ஆகவே வருகிறவர்கள் எல்லோரும் பெட்டியைப் பார்த்த கையோடு பெரியவர் வாறாரோ என்று கேட்டார்கள். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டில் செத்தவீடு என்றால் எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். பிள்ளை பிளேனில் இருக்கும், பெட்டி முன்னறையில் இருக்கும். அன்று இரவு அவர் தொலைபேசியில் வந்தார். மாமி தொலைபேசியை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். வெளியில் வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒருவரும் கேட்கத் துணியவில்லை, அவரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை மாமி என் கணவரைக் கூப்பிட்டு, கிரியையைப் பின்னேரம் இரண்டரைக்கு மாற்றச் சொன்னார். இவர், 'அண்ணை வாறாரோ' என்று கேட்டிருக்கிறார். "சொன்னதைச் செய்," என்றாராம் மாமி. ஐயருக்குச் சொல்லி, நோட்டீசைத் திருத்தி, ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் புது நேரத்தை அறிவித்தார்கள். அந்த ஓட்டோ சந்தியைத் தாண்ட முன்னமே ஊருக்கு விளங்கிவிட்டது. கிரியையைப் பின்னேரத்துக்குத் தள்ளிவிட்டார்கள், ஆகவே கனடாக்காரர் வருகிறார்.

எனக்கும் அப்படித்தான் விளங்கியது. விளங்கியதும் கோபம் தலைக்கேறியது. பாருங்கோவன், எனக்குக் கடைசிச் சந்தர்ப்பம் என்றால் உலகம் அசையாது, கனடாவிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் ஐயரும் அசைவார், நேரமும் அசையும் என்று பின்வளவில் நின்று வாழைமரத்துக்குச் சொன்னேன். வேறு யாருக்குச் சொல்ல?

அன்று பின்னேரம், செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் அயல்வீட்டவர்கள் கொண்டுவந்த வெறும் தேத்தண்ணியை நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். மாமி தலைமாட்டில் இருந்தபடியே என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நாளைக்கு விடிய வெளிக்கிட்டுச் சோதினைக்குப் போட்டு வா. இரண்டு மணிக்கு முதல் வந்திடுவாய்தானே?"

தலையைத்தான் ஆட்டினேன். வாய் வரவில்லை. பக்கத்தில் இருந்த மாமாவின் தங்கைக்கு வாய் நன்றாக வந்தது. இந்தக் காலத்து மருமகள்மாரின் கெட்டித்தனத்தைப் பற்றி, பெட்டிக்குள் இருக்கும் தமையனுக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொன்னார். மாமி காதில் வாங்கவில்லை. எப்படியோ, கனடாவின் புண்ணியத்தில் எனக்கு அரைநாள் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை அயல்வீட்டு அக்கா இரண்டு இடியப்பத்தைப் பிசைந்து கையில் திணித்தார். என் கணவர் சவரம் செய்யாத முகத்தோடு மோட்டார்சைக்கிளை எடுத்தார். வாசல் படலையைத் தாண்டும்போது பந்தலுக்குக் கீழே இருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். முதுகு கூசியது. வழி முழுக்க இவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு மாமாவையே நினைத்தேன். அவர் இருந்திருந்தால் அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று சொல்லி என்னைப் பிந்தவைத்திருப்பார்.

யாழ்ப்பாணத்தில் பரீட்சை மண்டபத்து வாசலில் வடகரைக்காரி எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தாள். நான் வரமாட்டேன் என்றே நினைத்திருந்தாளாம். கனடா அத்தான் வருவதால் கிரியை பின்னேரத்துக்கு மாறியது என்றேன். கடவுள் கண்ணைத் திறந்திருக்கிறார் என்றாள்.

தாளில் எடுகோள் கேள்வி இருந்தது. இல்லாமல் விடுவார்களா! 'அந்தக் கடை இன்று பூட்டியிருக்கிறது. ஆகவே கடைக்காரருக்குச் சுகமில்லை.' எனக்கு முன்போலக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கு உடம்பில் தெம்பும் இல்லை. கடை வேறு காரணத்துக்காகப் பூட்டப்படுவதில்லை என்ற விடையை எடுத்து, எதிர்மாறாக்கிப் பார்த்தேன். வேறு காரணமும் இருக்கலாம் என்று வைத்தால் 'ஆகவே' பொத்தென்று விழுந்தது. கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அந்தச் சோதினையில் நான் தேறிவிட்டேன். வடகரைக்காரியும் தேறினாள். இப்போது கொடிகாமத்துப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். பிறகு சொல்ல இடம் வராது என்பதால் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

திரும்பி வந்தபோது படலையில் விமானநிலையத்து வான் ஒன்றும் நிற்கவில்லை. வழியில் பிந்துகிறதாக்கும் என்று நினைத்தேன். அவசரமாக முழுகிவிட்டுச் சேலை மாற்றினேன். இரண்டரைக்கு ஐயர் தொடங்கிவிட்டார். மூத்தவர் இருக்க வேண்டிய இடத்தில் தர்ப்பை போட்டுக்கொண்டு என் கணவர் இருந்தார். பந்தல் மூலையில் ஒருவர் கமராவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்த தொலைபேசித் திரையில் கனடா அத்தான், குளிர்ச்சட்டையோடு, ஒரு கட்டிலின் ஓரத்தில் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அங்கே அப்போது விடியவும் இல்லை. அவருடைய விசா அலுவல் முடியவில்லை, வெளியே வந்தால் திரும்பிப் போகமுடியாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. பாவம். முதல்நாள் வாழைமரத்துக்குச் சொன்னதை எல்லாம் மனதுக்குள் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

வாய்க்கரிசி போட்டோம். பறைமேளம் முன்னால் போக, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. எல்லோரும் படலையடியில் நின்றுவிட்டோம். மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை பாரமாக இருந்தது. பின்னால் நின்றவர்கள், வராத பிள்ளைக்காகப் பிணத்தை வெயில் சாயுமட்டும் வைத்திருந்துவிட்டார்கள் என்று முணுமுணுத்தது எனக்கே கேட்டது. மாமிக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

எட்டாம் நாள் வரும் எட்டுச் செலவுக்கு, செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்போம். மாமாவுக்குப் பாரைமீன் என்றால் உயிர். வடகரைக்காரி விடியவே தகப்பனிடம் வாங்கி, ஐஸ் போட்டுக் கொண்டுவந்து தந்துவிட்டு வேலைக்குப் போனாள். பின்விறாந்தையில் நாங்கள் பெண்கள் சுற்றியிருந்து வேலை செய்தோம். நான் மீன் வெட்டினேன். மாமி வெங்காயம் உரித்தார். மாமாவின் தங்கை முருங்கைக்காயோடு இருந்தார். ஒரு கிழமையாக அவர் வாய்க்குள் வைத்திருந்தது அன்றைக்கு வெளியே வந்தது.

"பெரியவனுக்கெண்டு அண்ணையைப் பின்னேரமட்டும் வைச்சிருந்தியள் மச்சாள். கடைசியிலை அவன் வரேல்லையே."

மாமி நிமிரவில்லை. "அவன் வரேலாதெண்டு வெள்ளிக்கிழமை இரவே சொல்லிப்போட்டான்," என்றார்.

என் கத்தி மீனில் அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை இரவு சொல்லியிருக்கிறார். நேரத்தை மாற்றியது சனிக்கிழமை காலை. மாமாவின் தங்கையும் முருங்கைக்காயைக் கீழே வைத்தார்.

"பிறகு ஆருக்கு வைச்சிருந்தனீங்கள்?"

மாமி உரித்த வெங்காயத்தைச் சுளகில் போட்டுவிட்டு, நாடியால் என்னைக் காட்டினார்.

"உவளுக்குச் சோதினையெல்லே."

 ஊர் முழுக்க அந்த மூத்த பிள்ளையைத் திட்டியபோதும், தன்னைக் குறை சொன்னபோதும், மாமி ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார். சொல்லியிருந்தால் சனம் என்னை அந்தப் படலையைத் தாண்ட விட்டிருக்காது.  மீன் கையோடு முகத்தைத் துடைக்கவும் முடியாமல், அப்படியே இருந்து அழுதேன்.

மாமி அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"அந்த மனிசன் ஒருநாளும் அந்தரப்படாத மனிசன்," என்றார். "அரைநாள் பொறுத்திருக்கும் எண்டு எனக்குத் தெரியும்."